பெயிண்ட் உரிந்து துரு ஏறிய கார்: குமரிக் கடலோரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வண்டி வாங்கிச் சில வருஷத்தில் பானட்டில் வெள்ளையாகத் தோல் எழும்பும். கதவின் கீழ் விளிம்பில் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். நகத்தால் நோண்டினால் உள்ளே செம்பொடி. பட்டறைக்குக் கொண்டு போனால், "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, பட்டி போட்டு அடிச்சிருவோம்" என்பார்கள். அடித்துத் தந்த அன்று பளபளவென்றுதான் இருக்கும். அடுத்த ஆனி, ஆடிச் சாரல் முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடி கொப்புளம்.

பெயிண்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் பெயிண்டில் இல்லை; உப்பை உள்ளேயே விட்டு மேலே மூடியதில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பெயிண்ட் அடிப்பதைவிட அதற்கு முந்தைய வேலைகள்தான் அதிக இடம் பிடிக்கும்.

ஏன் உரிகிறது, ஏன் துருப்பிடிக்கிறது

கம்பெனி பெயிண்ட் ஒரே படலம் அல்ல. தகட்டின் மேல் முதலில் பாஸ்பேட் பூச்சு. அப்புறம் முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் இ-கோட். அதன்மேல் பரப்பைச் சமன் செய்யும் சர்ஃபேசர், பிறகு நிறம், கடைசியாக நிறமில்லாத பளபளப்புப் படலமான கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது 0.15 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

வெயிலை முதலில் தாங்குவது கிளியர் கோட். புற ஊதாக் கதிர் அதை வருஷக்கணக்கில் தின்றால், ரூஃபிலும் பானட்டிலும் அது வெளிறி, விளிம்பு தூக்கி உரியும். இது ஒரு வகை. இன்னொரு வகை, நிறமும் சர்ஃபேசரும் சேர்ந்து பாளமாகக் கழன்று, அடியில் சாம்பல் நிற இ-கோட் தெரிவது. இ-கோட் துருவுக்கு நல்ல கவசம், ஆனால் வெயில் ஆகாது. மேலே உள்ள அடுக்குகள் மெலிதாக இருந்து கதிர் உள்ளே இறங்கினால், இ-கோட்டின் மேற்பரப்பு மாவாகிப் பிடிமானம் போய்விடும். 1980களின் பின்பகுதியிலிருந்து அமெரிக்காவில் சர்ஃபேசர் அடுக்கைத் தவிர்த்து அடித்த பல கார்களில் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது இதனால்தான்.

துருவின் கதை வேறு. கல் தெறித்தோ, விளிம்பில் பெயிண்ட் மெலிந்தோ இரும்பு வெளியே தெரிந்தால் போதும், உப்பு உள்ளே போகும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நனையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கடலோரத்தில் காற்று அவ்வளவு வறண்டு போவது அபூர்வம். ஆக, மழையே பெய்யாத மாதத்திலும் காரின் மேல் படிந்த உப்பு ஈரமாகவே இருக்கிறது. இரும்பு துருவானால் முன்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. கொப்புளம் கடுகு அளவு என்றால் உள்ளே துரு அதைவிடப் பெரிதாகப் பரவியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் வண்டியைப் படிக்க வேண்டும்

வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, காலை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். உரிந்த இடத்தின் விளிம்பில் நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு வருவது கண்ணாடித்தாள் போன்ற படலம் மட்டும் என்றால் கிளியர் கோட். நிறமும் சேர்ந்து வந்து சாம்பலோ கறுப்போ தெரிந்தால் இ-கோட்டிலிருந்து கழன்றிருக்கிறது. வெறும் தகடு தெரிந்தால் அடிவரை போய்விட்டது.

கொப்புளம் உள்ள இடத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று உறுதியாகக் கேட்டால் தகடு இருக்கிறது. மந்தமாக 'பொத்' என்றால் உள்ளே பட்டியோ பொருக்குத் துருவோ இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால், துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பக்கத்துப் பேனலில் கவ்வும் காந்தம் இங்கே நழுவினால் அடியில் தடிமனாகப் பட்டி போட்டிருக்கிறார்கள்.

எல்லாரும் பார்க்க மறக்கும் இடம் டிக்கி. கடலோரத்தில் மீன் வாங்கி டிக்கியில் வைத்து வருவது வழக்கம். ஐஸ் உருகி வரும் தண்ணீர் தரை விரிப்புக்கு அடியில் இறங்கி ஸ்டெப்னி குழியில் தேங்கும். விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துப் பாருங்கள்; மூக்கே சொல்லிவிடும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து வண்டிகளுக்கு உப்பு குறைவு. அங்கே வில்லன் வீல் ஆர்ச்சின் உள்மடிப்பில் அடையும் செம்மண். மழைக்காலம் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பம்பரில் உரிவதை இதோடு சேர்க்க வேண்டாம். அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. பிளாஸ்டிக்குக்கென்று இருக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) போட்டு அடித்தால் தீர்ந்தது.

நாமே செய்யலாமா?

கல் தெறித்த புள்ளிகள், உள்ளங்கை அளவுக்குள் மேலோட்டமான துரு, கதவு விளிம்பில் தொடங்கும் கொப்புளம், ஸ்டெப்னி குழி ஆகியவற்றை வீட்டில் பொறுமையாகச் செய்யலாம். பானட், ரூஃப் முழுக்க கிளியர் கோட் உரிந்திருந்தால் தேய்ப்பை நாம் செய்தாலும், ஸ்ப்ரே கன் வைத்து அடிப்பதைப் பட்டறைக்கு விடுவது நல்லது.

தொடவே கூடாத இடங்களும் உண்டு. கதவுக்குக் கீழே ஓடும் சில், சேசிஸ் சட்டங்கள், சஸ்பென்ஷன் மாட்டும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம் ஆகியவற்றில் ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால், அது அழகுப் பிரச்சினை இல்லை. கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டும். அங்கே ஃபைபர் துணியும் பட்டியும் வைத்து மூடுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புது வண்டி என்றால் கை வைக்கும் முன் வாரண்டி புத்தகத்தைப் பாருங்கள். பெயிண்டுக்கும், துரு தகட்டைத் துளைப்பதற்கும் தனித்தனி காலவரம்பு போட்டிருப்பார்கள். நாம் தேய்த்துவிட்டுப் போனால் கிளைம் கிடைக்காது. இன்சூரன்ஸ் துருவுக்குப் பணம் தராது. அது தேய்மானக் கணக்கில் போய்விடும்.

எப்போது, எங்கே

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தை பிறந்து மாசி முடியும் வரை உள்ள நாட்கள் இந்த வேலைக்கு வாகு. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் பெயிண்ட் அடிக்க நினைக்கவே வேண்டாம். காற்றாலைக்கு நல்ல காற்று, ஈரப் பெயிண்டுக்குத் தூசி.

மூன்று பக்கம் சுவர் உள்ள போர்ட்டிகோ போதும். தரையில் தண்ணீர் தெளித்து விட்டால் தூசி எழாது. காலை 10 மணிக்கு மேல், பனி ஈரம் முழுக்கப் போன பிறகு, நிழலில் செய்யுங்கள். வெயிலில் சுடும் தகட்டில் பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். ஈரக்காற்றில் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பெயிண்ட் வெள்ளை பூத்துவிடும். சாயங்காலம் கடற்காற்று ஏறும் நேரத்தில் ஒரு கோட்டும் வேண்டாம்.

என்ன வாங்க வேண்டும்

வாட்டர் பேப்பர் 80, 180, 320, 600, 1000, 2000, கம்பி பிரஷ், தேய்க்க ரப்பர் கட்டை, மெழுகும் எண்ணெயும் எடுக்கும் கிளீனர், மிஞ்சிய துருவை அடக்கும் துரு கன்வெர்ட்டர், ஹார்டனரோடு (கலந்தால் இறுக வைக்கும் மருந்து) வரும் எபாக்சி பிரைமர், பாலியெஸ்டர் பட்டி, சர்ஃபேசர், தகடுகள் சேரும் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், மாஸ்கிங் டேப், உங்கள் வண்டி நிறத்தில் பெயிண்டும் கிளியரும். நிறத்தைப் பெயர் சொல்லி வாங்காதீர்கள். கதவுத் தூணிலோ பானட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் பட்டையில் நிறக் குறியீடு (கலர் கோட்) இருக்கும். அதைக் கொடுத்தால் கடையில் கலந்து தருவார்கள். வெயிலில் வெளுத்த பழைய வண்டிக்குக் குறியீடு சரியாக இருந்தாலும் நிறம் பொருந்தாது. முடிந்தால் பெட்ரோல் மூடிக்கு மேலுள்ள, பெயிண்ட் அடித்த வெளிக் கதவைக் கழற்றிக் கொண்டு போய் அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள். நிறத்தையே வேறாக மாற்ற ஆசை வந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

ரெட் ஆக்சைடு பிரைமரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஜன்னல் கம்பிக்கு அது போதும். காரில் அது ஈரத்தை உள்ளே விடும். அதன்மேல் ஹார்டனர் கலந்த பெயிண்டை அடித்தால், தின்னர் அதைத் தூக்கிச் சுருக்கம் விழவும் வாய்ப்பு உண்டு.

வேலை, படிப்படியாக

1. கழுவுதல். ஷாம்பூ போட்டு வண்டி முழுக்க, முக்கியமாக வீல் ஆர்ச், கதவின் அடி விளிம்பு. தண்ணீர் எது என்பது முக்கியம். கடற்கரைக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிறோம். முக்கடல் அணையிலிருந்து வரும் நாகர்கோவில் மாநகராட்சித் தண்ணீரோ, மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரோ இதற்கு உகந்தது.

2. மெழுகு எடுத்தல். தேய்க்கும் முன்பே கிளீனரை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு துணியால் எடுத்து விடுங்கள். தேய்த்த பிறகு துடைத்தால், பாலிஷும் சிலிகானும் கீறலுக்குள் இறங்கி, பிறகு பெயிண்டில் மீன்கண் மாதிரி குழி விழும்.

3. உரிய வேண்டியதை உரித்தல். விளிம்பில் பிளேடு கொடுத்து, தானாக வருவதை எல்லாம் எடுத்து விடுங்கள். 'இந்த அளவு போதும்' என்று கை நிற்கும், நிற்கக் கூடாது. நகம் கொடுத்தாலும் டேப் ஒட்டி இழுத்தாலும் அசையாத உறுதியான விளிம்பு கிடைக்கும் வரை போக வேண்டும். அடியில் இ-கோட் நல்ல நிலையில் தெரிந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். எந்தப் பட்டறையும் அந்தத் தரத்தில் ஒரு பூச்சைத் திரும்பத் தர முடியாது. மாவு போனதும் நிறுத்தி, 320 பேப்பரில் லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும்.

4. துருவை எடுத்தல். பொருக்கைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, 80 பேப்பரில் தகடு வெள்ளி நிறம் காட்டும் வரை தேயுங்கள். கொப்புளத்தைச் சுற்றி ஓர் அங்குலம் நல்ல பெயிண்டையும் சேர்த்து எடுங்கள். துரு அடியில் வேர் விட்டிருக்கும். கிரைண்டர் போட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மெல்லத் தொடுங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் தகடு சூடேறி நெளியும்.

5. உப்பை எடுத்தல். பட்டறைகளில் தவறாமல் தவறவிடும் படி இது. வெள்ளி நிறத் தகட்டை உற்றுப் பாருங்கள்: ஊசி முனை அளவில் கறுப்புக் குழிகள் தெரியும். உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பேப்பர் அங்கே எட்டாது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை ஊற்றி நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்துங்கள். பிறகு சுத்தமான தண்ணீரை ஒரு துணியில் நனைத்து ஒற்றி விட்டுக் காத்திருங்கள். தகடு முழுக்க ஒரே சீராக மெல்லிய பழுப்பு ஏறினால் அது ஈரம் செய்த வேலை. லேசாகத் தேய்த்தால் போய்விடும். குழிகளில் மட்டும் கறுப்பாக, வியர்த்த மாதிரி புள்ளி புள்ளியாகத் துளிர்த்தால் உப்பு இன்னும் இருக்கிறது. திரும்பக் கழுவுங்கள், திரும்பத் தேயுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எந்தப் பெயிண்டும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. நீராவி மெல்ல ஊடுருவும். அடியில் உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்து வைக்கும். கொப்புளம் அங்கே பிறக்கிறது.

6. கன்வெர்ட்டர். குழிகளில் மிஞ்சிய துருவுக்கு மட்டும். பாஸ்பாரிக் அமிலம் கலந்தது ஒரு வகை, டானிக் அமிலம் கலந்தது இன்னொரு வகை; இரண்டும் துருவைக் கறுப்பாக்கி அடக்கும். பொருக்குத் துருவின் மேல் பூசினால் மேல் தோல் மட்டும் மாறும், அடியில் அப்படியே இருக்கும். பூசிய பின் கழுவ வேண்டுமா, கழுவாமல் விட வேண்டுமா என்பது பாட்டிலுக்குப் பாட்டில் வேறு. அட்டையில் போட்டிருப்பதை மீறாதீர்கள். அமிலம் மிஞ்சிய தகட்டில் எபாக்சி சரியாகப் பிடிக்காது.

7. எபாக்சி பிரைமர். தகடு காய்ந்த அன்றே அடிக்க வேண்டும். வெறும் தகட்டை ராத்திரி முழுக்க விட்டால் காலையில் பழுப்பேறி நிற்கும். அப்புறம் மறுபடி தேய்ப்பு. டின்னில் சொன்ன விகிதத்தில் கலந்து, சொன்ன நேரம் ஊறவிட்டு, இரண்டு கோட். சின்ன இடம் என்றால் பிரஷாலேயே போடலாம், பிறகு தேய்த்துச் சமன் செய்துகொள்ளலாம். கதவின் மடிப்பு விளிம்பிலும் தகடுகள் சேரும் இடத்திலும் பிரைமர் காய்ந்த பின் சீம் சீலர் இழுத்து விடுங்கள்.

8. பட்டி. பள்ளம் இருந்தால் மட்டும், எபாக்சியைச் சொரசொரப்பாக்கி அதன்மேல், 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மிகாமல். ஹார்டனர் பொதுவாக 2 சதவீதம். 'சீக்கிரம் காயட்டும்' என்று கூடுதலாகப் போட்டால் ஹார்டனரின் நிறம் பிறகு மேல் பெயிண்டில் கறையாகத் தெரியும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. பாலியெஸ்டர் பட்டியில் டால்க் பொடி இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு, வாட்டர் பேப்பரை வாளியில் முக்கி முக்கிப் பட்டியைத் தேய்ப்பது. அதுவும் பல இடங்களில் உப்புக் கிணற்றுத் தண்ணீரில். உலர் தேய்ப்பில் தூசி பறக்கும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். 180இல் தொடங்கி 320இல் முடித்து, மேலே சர்ஃபேசர்.

9. நிறமும் கிளியரும். சர்ஃபேசரை 600இல் தேய்த்து, துடைத்து, நிறத்தை மெல்லிய கோட்டுகளாக இரண்டு மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையே பளபளப்பு மங்கும் வரை பொறுங்கள். நிறத்தைப் பேனலின் நடுவில் கரைத்து நிறுத்தலாம். கிளியரை அப்படி நிறுத்தக் கூடாது. சுற்றியுள்ள பழைய கிளியரை 1000இல் மங்கலாக்கிவிட்டு, கதவோ பானட்டோ பேனல் கோடு வரை முழுக்க அடிக்க வேண்டும். நடுவில் நின்ற கிளியரின் விளிம்பு சில மாதத்தில் உரியத் தொடங்கும். உரிந்த கிளியரை ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மீட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போன படலத்தைப் பாலிஷ் திரும்பக் கொண்டுவராது.

ஒரு எச்சரிக்கை. ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகை நுரையீரலில் இறங்கினால் ஆஸ்துமா வரும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க் இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது; காற்றைக் குழாய் வழியே தரும் மாஸ்க்தான் முறை. அது இல்லாவிட்டால் இந்த ஒரு படியைப் பட்டறைக்கு விடுங்கள். சாதாரண ஸ்ப்ரே கேன் கிளியரைக் காற்றோட்டமான இடத்தில், ஆவிக்கான மாஸ்க் போட்டு வீட்டிலேயே அடிக்கலாம். ஆனால் பெட்ரோல் சிந்தினால் கரையும், அதிக நாள் உழைக்காது.

பட்டறையில் விடுவதானால்

விலை பேசும் முன் வேலை பேசுங்கள். தகட்டை வெளியே எடுத்ததும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் அன்று நேரில் போய்ப் பாருங்கள். பட்டிக்கு அடியில் எபாக்சி உண்டா, பட்டியை உலரத் தேய்ப்பீர்களா, கழுவுவது எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். "அதெல்லாம் பாத்தா வேல நடக்குமா சார்" என்று சிரிக்கிற மேஸ்திரியைவிட, "அப்டின்னா ரெண்டு நாள் கூடும், காசும் கூடும்" என்கிறவரிடம் சாவியைக் கொடுக்கலாம். அவசரப்படுத்துவதும் நாம்தான், கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி வேண்டும் என்று நின்றால் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு படியை விழுங்கத்தான் செய்வார்கள்.

அண்டர் கோட்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். சுத்தமான அடிப்பகுதியில் போட்டால் நல்லது. துருவின் மேலும் உப்பின் மேலும் கறுப்பாகப் பூசினால், உள்ளே நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சி விடும் பழக்கமும் வேண்டாம். ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், மழையில் ஒழுகி மண்ணிலும் கிணற்றிலும் சேரும். கதவு, சில் போன்ற பொந்துகளுக்குள் மெழுகு கலந்த ஸ்ப்ரேயைக் குழாய் விட்டு அடிப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் பார்த்துக்கொள்வது

புதுப் பெயிண்டுக்கு ஒரு மாதம் மெழுகு வேண்டாம், தின்னர் வெளியேற வேண்டும். ஷாம்பூ இல்லாமல் நல்ல தண்ணீரால் கழுவலாம். சங்குத்துறை, சொத்தவிளை மாதிரி கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே வீல் ஆர்ச்சுக்குள் தண்ணீர் பீய்ச்சி விடுங்கள். வெயிலுக்குப் பயந்து பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது கடலோரத்தில் கெடுதல்: உள்ளே ஈரம் நிற்கும், காற்றில் கவர் ஆடி ஆடி மணலை வைத்துத் தேய்க்கும். ஓலைக் கொட்டகையோ ஷீட் கூரையோ மேல்.

கதவின் அடியிலும் சில்லிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. சருகும் மண்ணும் அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கம்பியால் குத்தினால் பெயிண்ட் போகும். தென்னை ஈர்க்கில் ஒன்றைக் கிள்ளி நுழைத்தால் கீறல் இல்லாமல் சுத்தமாகிவிடும். சாரலுக்கு முன்னும் அடைமழைக்கு முன்னும் ஒருமுறை செய்தால் போதும்.

ஒரு மழைக்காலம் முழுக்கக் கடந்த பிறகு, சரிசெய்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் மட்டும் சின்னதாக எழும்பியிருந்தால் பழைய துருவின் வேர் எங்கோ மிஞ்சியிருக்கிறது. அங்கே மட்டும் திறந்து 4ஆம் படியிலிருந்து தொடங்கலாம். பேனலின் நடுவில் புதிதாக வந்திருந்தால் துரு பின்பக்கத்திலிருந்து வருகிறது. வெளியே எத்தனை முறை அடித்தாலும் நிற்காது. கதவின் உள் டிரிம்மைக் கழற்றி, தகட்டின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்.